ஆற்றுப்படையும் தீனி நடையும்

1

சென்னையில் கடந்த இருபது வருஷங்களில் ஒரு புதுவகை நடை உருவாகியிருக்கிறது. எட்டுப் பத்துப் பேர் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, சாயங்காலம் ஓர் இடத்தில் வந்து கூடுகிறார்கள். ஒரு வழிகாட்டி அவர்களைச் சௌகார்பேட்டைக்குள்ளோ மயிலாப்பூர் குளக்கரைக்கோ பர்மா பஜாரின் பின்தெருக்களுக்கோ நடத்திக்கொண்டு போகிறார். தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் ஜிலேபி, அதை அடுத்து முறுக்கு சாண்ட்விச், என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நெய் இட்லி, பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு தட்டு அத்தோ என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, நடுநடுவே கதை கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் கலைந்து போகிறார்கள். நடத்துகிறவர்கள் இதை 'ஃபுட் வாக்' என்கிறார்கள். நாம் தீனி நடை என்று வைத்துக்கொள்ளலாம். 2004இல் தொடங்கிய மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் ஆகஸ்டு மாதம் முழுக்க நகரத்தை நடந்து பார்க்கும் வழக்கத்தைப் பரவலாக்கிய பிறகு, வயிற்றை மையப்படுத்திய இந்த நடைகளுக்கும் ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது.

அதுல என்னய்யா தப்பு என்று கேட்கலாம். நாலு பேர் காசு கொடுத்துத் தின்கிறார்கள், கடைக்காரனுக்கு வியாபாரம், ஊரைப் பற்றி ரெண்டு விஷயம் தெரிந்துகொள்கிறார்கள். காரை விட்டு இறங்காத வர்க்கம் தெருவில் இறங்கி நடப்பதே பெரிய விஷயம் இல்லையா என்றும் கேட்கலாம். இந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. எனவே தீனி நடையைக் கேலி செய்துவிட்டுப் போவது என் நோக்கமில்லை. அது தெருவை எப்படி வாசிக்கிறது, அந்த வாசிப்பில் விற்கிறவனுக்கு என்ன இடம் தருகிறது என்பதே இங்கே கேள்வி. இதைக் கேட்பதற்கு நம்மிடமே ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது.

2

உணவையும் வழிகாட்டலையும் சேர்த்துக் கட்டிய ஓர் இலக்கிய வகை உலகத்தில் எங்காவது இருக்குமானால் அது ஆற்றுப்படைதான். பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை அனுப்பும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழிநெடுக என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். எயினர் குடியில் புல்லரிசிச் சோறு. இடையர் குடியில் தினைச்சோறும் பாலும். உழவர் வீட்டில் வெண்சோறும் கோழியும். வலைஞர் குடியில் கள்ளும் மீனும். பார்ப்பார் வீட்டில் மாதுளங்காயும் மாவடுவும். நிலம் மாற மாற இலை மாறுகிறது. மலைபடுகடாமில் செங்கண்மா நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்குச் சொல்லப்படும் வழியில் எங்கள் சேயாறும் ஓடுகிறது. செய்யாறு பாலத்தில் நின்று மணலைப் பார்க்கிறவனுக்கு நம்ப முடியாதுதான், ஆனால் ஆறு அதேதான்.

தீனி நடையும் மேலோட்டமாகப் பார்த்தால் இதே அமைப்புதான். ஏற்கெனவே போய் வந்த ஒருவன், போகாத ஒருவனுக்கு, எங்கே என்ன தின்னக் கிடைக்கும் என்று சொல்கிறான். ஆனால் உள்கட்டமைப்பில் மூன்று வித்தியாசங்கள் இருக்கின்றன.

முதலாவது, பசி. ஆற்றுப்படையில் வழிகாட்டுகிறவன் பசித்திருந்தவன், இப்போது பரிசில் பெற்றுத் திரும்புகிறவன். வழி கேட்கிறவனும் பசித்தவன். ஒரு பசி இன்னொரு பசிக்கு வழி சொல்கிறது. தீனி நடையில் வழிகாட்டுகிறவர், நடக்கிறவர் இருவருமே உண்டவர்கள். பசி அந்தத் தெருவில் இல்லாமல் இல்லை. கைவண்டிக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் அதே கடையில் நின்றுதான் தின்கிறார்கள். ஆனால் கதைக்குள் அவர்கள் பின்னணி. 2002 வரைக்கும் வெளியூர் பஸ்கள் பாரிமுனைக்கு வந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்திலிருந்து சரக்கு வாங்கவும் விற்கவும் போய் இறங்கினவர்களுக்கு அந்தத் தெருக்களின் கடைகள் ருசிக்காகத் தெரிந்தவை அல்ல. ஊர் திரும்பும் வரை வயிறு தாங்க வேண்டுமே என்பதற்காகத் தெரிந்தவை.

இரண்டாவது, பேச்சு. மலைபடுகடாமில் வழி சொல்கிறவன், எதிர்ப்படுகிறவர்களிடம் நாங்கள் நன்னனின் கூத்தர்கள் என்று சொல்லுங்கள், உங்களைச் சொந்தக்காரர்களைப் போல நடத்துவார்கள் என்கிறான். அதாவது விருந்தாளியின் வாயில் ஒரு வார்த்தையை வைத்து அனுப்புகிறான். வந்தவனுக்கும் இட்டவனுக்கும் இடையில் நேரடியாக ஒரு பேச்சு நடக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த வார்த்தை. தீனி நடையில் பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷில், விற்கிறவரின் முன்னாலேயே, விற்கிறவரைப் பற்றி நடக்கிறது. அவர் வாழ்க்கை அவர் கலந்துகொள்ள முடியாத ஒரு சொல்லாடலாகிவிடுகிறது. அவரிடம் நேரே வரும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: எத்தனை வருஷமா கடை வச்சிருக்கீங்க? மாமூல் எவ்வளவு, மழை பெய்தால் என்ன செய்வீர்கள், இந்த இடம் யார் பேரில் இருக்கிறது போன்ற கேள்விகளுக்கு அந்தக் கதையாடலில் இடமில்லை.

மூன்றாவது, கொடுக்கல் வாங்கல். ஆற்றுப்படையில் சோறு போடுகிறவர்கள் தங்கள் வீட்டில் நிற்கிறார்கள், கொடுக்கிறவர்களாக. தீனி நடையில் பத்துப் பேருக்கு மூன்று தட்டு போதும், ஏனென்றால் அடுத்த ஐந்து கடைகளுக்கு வயிற்றில் இடம் வேண்டும். கடைக்காரர் விற்பது மூன்று தட்டு, கொடுப்பதோ பத்துப் பேருக்கான காட்சி, மணம், புகைப்படம், ஒரு கதை. தட்டுக்குத்தான் அவருக்குக் காசு. கதைக்கான காசு வேறு இடத்தில் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது. உற்பத்தி ஓரிடத்தில், உபரி வேறிடத்தில் என்கிற பழைய பாடம்தான் இது.

3

'பார்க்கப்படுவது' பற்றி நம் இலக்கியத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வீட்டில் அடுப்பு எரியாமல் கிடக்கிறது. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பில்லாமல் வேகவைத்து, சுற்றத்தோடு சேர்ந்து தின்கிறார்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரி ஒரு காரியம் செய்கிறாள். மற்றவர்கள் பார்ப்பார்களே என்று கதவை அடைக்கிறாள். வறுமையிலும் ஒருத்திக்கு மிஞ்சியிருக்கும் அதிகாரம் அந்தக் கதவு. யார் பார்க்கலாம், எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம்.

தெருவில் கடை போடுகிறவருக்குக் கதவு கிடையாது. மயிலாப்பூரில் வீட்டு ஜன்னல் வழியாகப் பஜ்ஜி விற்றுப் பேர் வாங்கிய ஜன்னல் கடையைப் போல அபூர்வமாகச் சிலருக்கு ஒரு சுவர் இருந்தது. மற்றவர்கள் அடுப்போடும் வியர்வையோடும் திறந்த வெளியில் நிற்கிறார்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்க மறுத்தால் வியாபாரம் போகும். ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட நூலில் பயணக் கையேடு ஒன்றைப் பிரித்துப் படித்து, அதில் நாடும் மக்களும் மறைந்து கோயில்களும் 'வகைமாதிரி' மனிதர்களும் மட்டும் மிஞ்சுவதைக் காட்டினார். தீனி நடை கோயிலை விட்டுவிட்டு மனிதர்களிடம் வந்திருக்கிறது, சரி. ஆனால் வந்து சேர்ந்தது மறுபடியும் வகைமாதிரியிடம்தான்: மூன்று தலைமுறைக் கடைக்காரர், ரகசிய மசாலாப் பாட்டி, சிரித்த முகத்து பாய்.

அத்தோவை எடுத்துக்கொள்வோம். நூடுல்ஸில் கோஸும் வெங்காயமும் புளித்தண்ணியும் பூண்டெண்ணெயும் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோவை நொறுக்கிப்போட்டுத் தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். இதன் பின்னால் இருப்பது ஒரு துரத்தல். 1962இல் நெ வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்து, அடுத்த வருஷங்களில் கடை கண்ணிகளைத் தேசியமயமாக்கியபோது, கட்டின துணியோடு கப்பல் ஏறினவர்கள் லட்சக்கணக்கில். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிழைப்புக்கென 1969இல் கடற்கரை ஓரத்தில் வந்ததுதான் பர்மா பஜார். நடையில் இதுவும் சொல்லப்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 'சுவாரஸ்யமான பின்னணி'யாகச் சொல்லப்படுகிறது. அகதி அனுபவம் ஒரு சுவையூட்டியாகிவிடுகிறது. இன்றைக்கு அகதியாக வந்து நிற்கிறவனைப் பற்றி அந்தக் கதை கேட்டவர் என்ன நினைக்கிறார் என்ற கேள்வி தட்டோடு சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

4

எது நடைக்குள் வருகிறது என்பதைப் போலவே எது வருவதில்லை என்பதும் ஒரு பிரதிதான். சௌகார்பேட்டையும் மயிலாப்பூரும் அடிக்கடி வருகின்றன. வடசென்னையின் மாட்டுக்கறிக் கடைகள் அவ்வளவு எளிதில் வருவதில்லை. தனியார் நடையைக் குறை சொல்வானேன், அரசே என்ன செய்தது? 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றானது. எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிவைக்கப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் இதே பிரச்சினை. சத்தம் போட்ட பிறகுதான் மாட்டுக்கறி பிரியாணிக்குக் கடை வந்தது. 'தமிழ்நாட்டு உணவு' என்று காட்சிக்கு வைக்கப்படும் இலையில் யார் சோறு விழுகிறது, யார் சோறு விழுவதில்லை என்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயமில்லை. பியர் பூர்தியூ 1979இல் பிரான்ஸை வைத்து, ரசனை என்பது வர்க்கம் தன்னைப் பிரித்துக் காட்டும் வழி என்றார். நம் ஊரில் அதோடு சாதியையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

இதற்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே தள்ளுவண்டியைப் பற்றி நகரத்தில் இரண்டு சொல்லாடல்கள் ஓடுகின்றன. ஒன்றின் பெயர் 'பாரம்பரியம்', இன்னொன்றின் பெயர் 'ஆக்கிரமிப்பு'. 2023 ஏப்ரலில் மெரினா லூப் ரோட்டில் நொச்சிக்குப்பத்து மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, மாநகராட்சி கடைகளை அகற்றப் போனது. மீனவர்கள் மீனைச் சாலையிலேயே போட்டுப் போராடினார்கள். 2024இல் அவர்களுக்குக் கட்டடத்தோடு ஒரு மீன் அங்காடி திறக்கப்பட்டது. ரோடு முதலா குப்பம் முதலா என்ற கேள்வியைக் குப்பத்துக்காரர்கள் அன்றைக்குக் கேட்டார்கள். அங்காடி வந்துவிட்டதால் அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

உலகம் முழுக்க இதே இரட்டைப் பேச்சுதான். பாங்காக்கில் 2017இல் தெருக்கடைகளை அகற்றப்போவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. கூச்சல் எழுந்ததும் யாவராட், காவ்சான் என்கிற, டூரிஸ்டுகள் மொய்க்கும் இரண்டு இடங்களுக்கு மட்டும் விலக்கு என்றது. ஆபீஸ் வாசலில் தொழிலாளிக்குச் சோறு விற்றவருக்கு அந்த விலக்கு இல்லை. சிங்கப்பூரின் தெருக்கடைப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் பட்டியலில் சேர்த்தது. 1986 வாக்கிலேயே அங்கே தெருவில் இருந்தவர்களைக் கட்டடங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாகிவிட்டது. தெருவை விட்டு எடுத்த பிறகுதான் அது பண்பாடானது. இங்கேயும் கொத்தவால்சாவடி மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகு, மூட்டையும் சேறும் குறைந்த பிறகுதான், ஜார்ஜ் டவுன் நடந்து பார்க்க வேண்டிய இடமாயிற்று.

ஆகவே தீனி நடை தெருக்கடையைக் காப்பாற்றும் என்ற வாதத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. பார்க்கத் தகுந்தது என்று தேர்ந்தெடுத்ததை மட்டும் அது காப்பாற்றலாம். தேர்ந்தெடுக்கப்படாத நூறு வண்டிகளை அந்தத் தேர்வே இன்னும் எளிதாக 'ஆக்கிரமிப்பு' ஆக்கிவிடலாம்.

5

சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் இரண்டு தடவை நடக்கிறான். முதல் தடவை ஊர் பார்க்க. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, மணிக்கடைத் தெரு, பொற்கடைத் தெரு, துணிக்கடைத் தெரு, கூலக்கடைத் தெரு என்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஊரின் சிறப்பைச் சொல்லிக்கொண்டு திரும்புகிறான். வணிகன் மகன், பார்வையாளன், யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. அடுத்த தடவை அதே ஊருக்குள் போகிறபோது அவன் கையில் விற்பதற்கு ஒரு சிலம்பு இருக்கிறது. கடை இல்லை, அறிமுகம் இல்லை. தெருவில் விற்க நிற்கிறவன் திருடனாகத்தான் இருப்பான் என்று ஊர் நம்பத் தயாராக இருந்தது. விசாரணை கூட வேண்டியிருக்கவில்லை. பார்க்க வந்தவனுக்கு ஊர் தந்த மரியாதையை விற்க வந்தவனுக்கு அது தரவில்லை. ஊர்காண் காதையையும் கொலைக்களக் காதையையும் சேர்த்துப் படிக்காமல் மதுரைக் கடைத்தெருவின் அழகை மட்டும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுகூட ஒருவகை தீனி நடைதான்.

தெருவில் விற்பது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவுக்கு உட்பட்ட உரிமை என்று உச்ச நீதிமன்றம் சோடன் சிங் வழக்கில் 1989இல் சொன்னது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்காமல் யாரையும் அகற்றக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது அது. தெருவைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் தெருவில் நிற்கிறவருக்கு நாற்காலி உண்டு என்பதே இதன் பொருள். ஒரு தீனி நடையில் இந்தச் சட்டத்தை ஐந்து நிமிஷம் சொன்னால் ஜிலேபி கசந்துவிடாது. கடைக்காரரே தமிழில் பேச, வழிகாட்டி அதை மொழிபெயர்த்தால் நடை கெட்டுவிடாது. கதைக்கு வாங்கும் காசில் கதைக்குச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு என்றால் தொழில் மூழ்கிவிடாது.

பக்கத்தில் காஞ்சியிலும் ஆரணியிலும் குழித்தறிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள். பாவையும் ஊடையையும் தொட்டுப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். கூலியைப் பற்றிக் கேட்கிறவர் குறைவு. வீடும் தறியும் ஒன்றாக இருக்கிற நெசவாளிக்கு, பார்வையாளரை உள்ளே விடுவதும் கதவை அடைப்பதும் இன்னும் தன் கையில் இருக்கிறது. நாளைக்கு அதுவும் ஒரு 'அனுபவ'மாக விலைக்கு வரும்போது அந்தக் கதவை யார் கையில் கொடுப்பது என்று சங்கங்கள் இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஆற்றுப்படுத்துவது என்றால் வழிப்படுத்துவது. வழி தெரிந்துகொண்டவன் அடுத்த தடவை வழிகாட்டி இல்லாமல் தானே போவான், தன் பசிக்குத் தின்பான், ஒரு முழுத் தட்டுக்குக் காசு கொடுப்பான், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவான். மாநகராட்சி லாரி வந்து அடுப்பைத் தூக்கும்போது அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் அங்கே நிற்பார்கள் என்பதை வைத்துத்தான் அந்தச் சாயங்காலத்து நடையை மதிப்பிட முடியும்.