ஏழு நாள் விதி

2025 ஜூனில் சென்னையில் கொக்கேன் வழக்கில் இரண்டு திரைப்பட நடிகர்கள் கைதானபோது சிங்கப்பூர்த் தேக்கா காப்பிக்கடைகளிலும் அதுதான் பேச்சு. "அதெல்லாம் காசுள்ளவன் சமாச்சாரம், நம்ம பக்கம் ஏது?" என்று பேச்சை முடித்துவிடுவது எளிது. பாதி உண்மையும் கூட. சிங்கப்பூரில் பிடிபடுவோரில் பெரும்பாலோர் ஐஸ், ஹெராயின், கஞ்சா ஆசாமிகள்தான். கொக்கேன் அபூர்வம், 2004-ல் வசதி படைத்த ஒரு வட்டமே சிக்கியபோது ஊர் அதிர்ந்தது.

அபூர்வம் என்பதாலேயே வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. மூக்கால் இழுக்கும் பொடியில் புகை இல்லை, நாற்றம் இல்லை, ஊசித் தழும்பு இல்லை. ஏறிய போதை அரை மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்கும்; உடனே அடுத்த சிட்டிகை. சளி இல்லாமலே மூக்கு ஒழுகும், சில நேரம் ரத்தம் வரும். கண்மணி விரிந்திருக்கும். சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் விடியவிடியப் பேசியவன், அப்புறம் நாள் முழுக்க அடித்துப்போட்டாற்போல் தூங்கி, எழுந்ததும் எரிந்து விழுவான். சம்பளம் வந்த வாரமே கைமாற்று கேட்பான். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிப்பது அநியாயம். எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் தொடர்ந்தால் கவனிக்காமல் இருப்பதும் அநியாயமே. கொக்கேன் மதுவோடு சேர்ந்தால் கல்லீரலில் கொக்காஎத்திலீன் என்ற பொருள் உருவாகி இதயத்துக்குச் சுமை கூடுகிறது. போட்டவர் இளைஞராக இருந்தாலும் நெஞ்சு வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 995-ஐ அழைக்க வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை உலகில் எங்கும் இல்லை. எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் பேச்சுச் சிகிச்சை, சிறுநீர்ப் பரிசோதனை, போதையின்றிக் கழித்த நாட்களுக்குச் சிறு வெகுமதி, குடும்பத்தின் துணை, இவைதான் மருந்து. நிறுத்தியதும் மனச்சோர்வு கவ்வும், தற்கொலை எண்ணம்கூட வரலாம். ஆனால் கடும் குடிகாரர் திடீரென நிறுத்தும்போது வரும் வலிப்பு போன்ற ஆபத்து இதில் குறைவு. ஆகவே பலருக்குப் படுக்கையே தேவையில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே வெளிநோயாளியாக வந்துபோகலாம். புவாங்கோக்கில் மனநலக் கழகத்துக்குள் இயங்கும் தேசியப் போதைப்பழக்க நிர்வாகச் சேவை அதற்கான இடம். 2001-ல் வேறு பெயரில் தொடங்கியது.

சிக்கல் அதன் வாசலில் இருக்கிறது. ஒருவர் கொக்கேன், ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமை என்று மருத்துவர் கருதினாலோ சந்தேகித்தாலோ, ஏழு நாட்களுக்குள் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும். உட்கொள்வதே குற்றமான ஊர் இது. வெளிநாட்டில் போட்டுவிட்டு வந்தாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தப்பில்லை.

அரசு இதைச் சும்மா செய்யவில்லை. எழுபதுகளில் ஹெராயின் குடும்பம் குடும்பமாகத் தின்றதைப் பார்த்தவர்கள் வகுத்த விதி. 2019-ல் சட்டமும் இளகியது: வேறு குற்றமின்றி உட்கொள்ள மட்டும் செய்தவர், எத்தனையாவது முறை பிடிபட்டாலும், வழக்குக்குப் பதில் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படலாம். அதற்கு முன் மூன்றாம் முறை என்றால் நீண்ட சிறையும் பிரம்படியும். வெளியே வந்தவரைத் தாங்க ஆளும் உண்டு: சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலை நிர்வகிக்கும் அதே இந்து அறக்கட்டளை வாரியம் 'ஆசிரமம்' என்ற இடைநிலை இல்லத்தையும் நடத்துகிறது.

ஆனால் இந்த அக்கறையெல்லாம் பிடிபட்ட பிறகு வருவது. மறுவாழ்வு நிலையத்தில் நான்கு ஆண்டுவரை வைத்திருக்கலாம், பிறகு ஐந்து ஆண்டுவரை கண்காணிப்பு. தானாகப் போய்ச் சரணடையவும் வழி இருக்கிறது. அந்த வழியும் அதே பிரிவின் வாசலுக்குத்தான் போகிறது. இன்னும் வேலையும் குடும்பமும் கையிலிருக்கும், வாரம் ஒருமுறை வந்துபோனாலே மீண்டுவிடக்கூடிய ஆள், அந்த ஏழு நாளை நினைத்தே மருத்துவரைத் தவிர்க்கிறான். வெளிநோயாளிச் சிகிச்சை யாருக்கு அதிகம் பயன்படுமோ, அவனைத்தான் விதி துரத்துகிறது. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரின் பயத்தைச் சொல்லவே வேண்டாம்.

கடுமையான சட்டத்துக்குள்ளும் கதவு வைக்கலாம். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் மென்மையானதல்ல. அதிலும் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சிங்கப்பூரில் எச்.ஐ.வி.யும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்தான். பெயர் பதிவாகும் என்ற பயத்தில் பரிசோதனைக்கே வர மாட்டார்கள் என்று உணர்ந்துதான், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே கிளந்தான் லேனில், பெயர் கேட்காத பரிசோதனைக்கு அனுமதி தந்தார்கள். அங்கே புரிந்த நியாயம் இங்கே ஏன் புரியவில்லை?

விலக்கு தந்தால் பிடிபட்டவனெல்லாம் நோயாளி வேஷம் போடுவான் என்பார்கள். கைதுக்கு முன் வந்தவருக்கு மட்டும், சிகிச்சைக்கு ஒழுங்காக வரும்வரை மட்டும் விலக்கு, நின்றால் புகார் என்று வைத்தால் அந்த ஓட்டை அடைபடும். விற்பவனுக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை. 30 கிராமுக்கு மேல் கொக்கேன் கடத்தினால் மரண தண்டனை என்பது அப்படியே இருக்கும்.

விதி மாறும்வரை வீட்டில் ஒருவரைப் பற்றிக் கவலை இருந்தால், மறைத்து வைத்து நாளைக் கடத்தாதீர்கள். தேசியப் போதைப்பழக்க நிர்வாகச் சேவையின் 6732 6837 என்ற உதவி எண்ணை அழையுங்கள். தகவல் யாருக்குப் போகும், எப்போது போகும் என்பதை முதல் கேள்வியாகவே கேளுங்கள். பதிலைத் தெரிந்துகொண்டு குடும்பமாக முடிவெடுங்கள்.