முப்பது நாள்களில் முப்பது கவிதைகள்: ஒரு மதிப்பீடு

காலத்துக்கும் கவிதைக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. திருவிழாக் காலங்களில் எருசலேமை நோக்கிப் பயணம் சென்ற மக்கள் வழியில் பாடியவை எனக் கருதப்படும் 15 பாடல்கள், 120 முதல் 134 வரை, நம் திருப்பாடல் நூலுள் தனித் தொகுதியாகவே அமைந்துள்ளன. மார்கழித் திங்களின் வைகறைதோறும் ஒன்றாகப் பாடப்பெறும் 30 பாசுரங்களைக் கொண்டது ஆண்டாள் அருளிய திருப்பாவை. ஆகவே, ஒரு பருவத்தைக் குறித்துக்கொண்டு, பலர் ஒன்றுகூடி, நாளுக்கு ஒரு கவிதை எழுதுவதென்று உறுதி பூணும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவி வருவதைக் கண்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை. விளையாட்டு என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. அதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது பயனுள்ள செயலாகும். தவக்காலத்திலோ திருவருகைக் காலத்திலோ இத்தகைய முயற்சியைத் தொடங்க எண்ணும் பங்கு இலக்கிய வட்டங்களுக்கு இம்மதிப்பீடு ஓரளவேனும் துணைபுரியும் என நம்புகிறேன்.

வழக்கம் வந்த வழி

அமெரிக்கக் கவிஞர் கழகம் 1996 முதல் ஏப்ரல் மாதத்தைத் தேசியக் கவிதை மாதமாகக் கொண்டாடி வருகிறது. 1999இல் அதே நாட்டில் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் ஒரு நாவலை எழுதி முடிக்கும் முயற்சியைத் தொடங்கினார். இவ்விரண்டும் வழக்கில் இருந்த சூழலில், மொரீன் தார்சன் என்னும் கவிஞர் 2003 ஏப்ரலில் நாளுக்கு ஒரு கவிதை எழுத முற்பட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் பலர் அவரோடு சேர்ந்துகொண்டனர். விதி மிக எளியது: 30 நாள்கள், 30 கவிதைகள். ஒவ்வொரு நாளும் எழுதுவோரைத் தூண்டும் குறிப்பு ஒன்று தரப்படும். அதை ஏற்பதும் விடுப்பதும் அவரவர் விருப்பம். நாவல் முயற்சியை நடத்தி வந்த அமைப்பு 2025இல் தன் பணியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது. ஏப்ரல் மாதக் கவிதை முயற்சியோ நிலைத்து நிற்கிறது.

இதன் முதல் நன்மை வெளிப்படையானது. அகத்தூண்டுதல் வரட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. நாள்தோறும் திருப்புகழ்மாலை செபிக்கும் குருக்களும் துறவியரும் இதை நன்கு அறிவர். மனம் கனிந்திருக்கும் நாளில் மட்டுமே செபிப்பேன் என்பவர் விரைவில் செபத்தையே மறந்துவிடுவார். வறண்ட நாளிலும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தால்தான், அருள் வரும் நாளில் அதை ஏற்கும் பாத்திரம் கையில் இருக்கும். கவிதைக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். தாமும் எழுதலாமா என்று தயங்கி நிற்கும் எளியோருக்கு, பலரும் எழுதும் காலம் ஒரு திறந்த வாயிலாக அமைகிறது.

எண்ணிக்கையின் சோதனை

ஆயினும் இம்முயற்சியின் குறையும் அதன் விதியிலேயே அடங்கியுள்ளது. 30 நாள்களும் எழுதுவதற்கே ஒதுக்கப்படுகின்றன. அப்படியானால் படிப்பது எப்போது? 20 பேர் சேர்ந்து எழுதும் வட்டத்தில் மாத இறுதியில் 600 கவிதைகள் குவியும். ஒவ்வொருவரும் தம் 30 கவிதைகளை முடிக்கும் பதைப்பில் இருக்க, பிறருடைய 570 கவிதைகளை யார் படிப்பார்? எழுதுகிற கைகள் பெருகி, கேட்கிற செவிகள் குறைந்துபோகும் இந்நிலையை வளர்ச்சி என்று சொல்ல இயலுமா?

இது வெறும் இலக்கியக் குறை அன்று. முதன்முறையாக எழுதத் துணிகிறவர் பெரும்பாலும் எதை எழுதுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். பிறரிடம் வாய்விட்டுச் சொல்ல இயலாத துயரத்தையே எழுதுகிறார். மகனை இழந்த தாய் ஒருவர் நடுங்கும் கையால் எட்டு வரி எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அமைப்பாளர் அதை வாங்கி, ஏட்டில் 43ஆம் கவிதை என்று குறித்துக்கொண்டு அடுத்த தாளைக் கேட்டால், அத்தாய் மீண்டும் எழுதுவாரா? அவர் நீட்டியது கவிதை மட்டுமா? அழைத்தவர் கேட்கவும் கடமைப்பட்டவர். கேட்க நேரமில்லாதவர் அழைக்காமல் இருப்பதே மேல்.

ஓர் அழைப்பும் ஒரு நீண்ட மௌனமும்

அழைப்பின் ஆற்றலையும், கேட்பார் இல்லாமையின் கொடுமையையும் ஒருங்கே உணர்த்தும் வரலாறு ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் என்னும் இயேசு சபைக் குருவினுடையது. 1868இல் துறவு மடம் புகுமுன் அவர் தம் கவிதைகளைத் தீயிலிட்டார். கவிதை தம் அழைத்தலுக்குத் தடையாகிவிடும் என அஞ்சி ஏறத்தாழ 7 ஆண்டுகள் எழுதாதிருந்தார். 1875 டிசம்பரில் டாய்ச்லாந்து என்னும் கப்பல் தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் மணல் திட்டில் மோதிச் சிதைந்தது. செருமனியின் திருச்சபை எதிர்ப்புச் சட்டங்களால் நாட்டை விட்டு வெளியேறிய பிரான்சிஸ்கன் அருள்சகோதரியர் ஐவர் அதில் உயிரிழந்தனர். வேல்ஸ் நாட்டில் இறையியல் பயின்றுகொண்டிருந்த ஹாப்கின்ஸ் இச்செய்தியால் மிகவும் கலங்கினார். அதைக் கண்ட கல்லூரி அதிபர், இதைப் பற்றி எவரேனும் ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று சொன்னார். அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. 35 பத்திகள் கொண்ட நெடுங்கவிதை பிறந்தது.

அதிபர் எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை, கெடுவும் வைக்கவில்லை. ஒருவர் உள்ளத்தில் மூண்டிருந்த கனலை அறிந்து, அதற்கு இசைவு தந்தார். கவிதை முயற்சியை நடத்துவோர் கற்கவேண்டிய கலை இதுவே.

ஆனால் வரலாறு இங்கே முடியவில்லை. இயேசு சபையினரின் திங்களிதழ் அக்கவிதையை வெளியிடாமல் திருப்பிவிட்டது. அதன் புதிய யாப்பு அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஹாப்கின்ஸ் 1889இல் இறந்தார். அவருடைய நண்பர் இராபர்ட் பிரிட்ஜஸ் 1918இல் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே உலகம் அக்கவிதையைப் படித்தது. அழைப்பு ஒரே நாளில் கிடைத்தது; வாசகர் கிடைக்க 42 ஆண்டுகள் ஆயின. கவிஞனுக்கு அரிதாகக் கிட்டுவது எது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த முடியுமா?

செவிமடுக்கும் அவை

கேட்பதை மையமாகக் கொண்ட பருவக் கவிதை மரபு ஒன்று சப்பானில் உண்டு. ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் அந்நாட்டு அரண்மனையில் புத்தாண்டுக் கவிதை அவை கூடுகிறது. 1874 முதல் பொதுமக்களும் அதற்குக் கவிதை அனுப்பலாம். 31 அசைகளில் அமையும் தங்கா என்னும் வடிவமே அங்கு ஏற்கப்படும். தலைப்பு முன்கூட்டியே அறிவிக்கப்படும். அச்சொல் கவிதையில் இடம்பெற வேண்டும். ஆயிரக்கணக்கில் வரும் கவிதைகளிலிருந்து 10 மட்டுமே அவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. எழுதியவர் தம் கவிதையைத் தாமே படிப்பதில்லை. முதலில் ஒருவர் இசையின்றி முழுமையாக வாசிக்கிறார். அடுத்து மற்றொருவர் முதல் அடியை இசையோடு எடுக்க, மற்ற பாடகர் சேர்ந்து பாடுகின்றனர். அவை முழுதும் அமைதியாகக் கேட்கிறது. தம் சொற்களைப் பிறர் குரலில் கேட்கும் பேறு எளிய குடிமகன் ஒருவருக்கு அங்கே வாய்க்கிறது.

ஆயிரங்களில் பத்தைத் தேர்வது நம் பங்குகளுக்கு ஏற்றதாகாது. ஆனால் இரண்டு பண்புகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, எழுதியவரைத் தவிர வேறொருவர் உரக்க வாசிப்பது. பிறர் கவிதையை உரக்க வாசிக்க முனைபவர் முதலில் அதைப் புரிந்துகொண்டாக வேண்டும். மற்றொன்று, தலைப்பின் எளிமை. 2022இல் அவ்வவைக்கு அளிக்கப்பட்ட சொல் 'சன்னல்'. 2023இல் 'நண்பர்'. 2025இல் 'கனவு'. இவற்றோடு நம் போட்டிகளின் தலைப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 'சிலுவையின் மாண்பு', 'மன்னிப்பின் மகத்துவம்' என்று தலைப்புக் கொடுத்தால், வரிவரியாக மடக்கி எழுதிய மறையுரையே வந்து சேரும். தலைப்பே முடிவைச் சொல்லிவிட்ட பிறகு எழுதுபவர் தாமாகக் கண்டடைய எஞ்சியிருப்பது என்ன?

மாறாக, 'கரி நெருப்பு' என்று ஒரு தலைப்புத் தரலாம். யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டு இடங்களில் எரிகிறது. பேதுரு தம் ஆண்டவரை மறுதலித்த இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் எரிவது ஒன்று (18:18). உயிர்த்த ஆண்டவர் மீனும் அப்பமும் வைத்து அவருக்காகக் கரையில் காத்திருந்த காலையில் எரிவது மற்றொன்று (21:9). மன்னிப்பு என்ற சொல்லே வராமல் மன்னிப்பின் முழு வரலாற்றையும் அந்நெருப்பு சொல்லிவிடுகிறது. அடுப்பங்கரையில் நாள்தோறும் புகையோடு போராடிய பாட்டி ஒருவர் இத்தலைப்பில் எழுதக்கூடியதை இறையியல் கற்றவரும் எழுத முடியாது.

ஞாயிறு தரும் பாடம்

இனி நம் திருவழிபாட்டு ஆண்டு கற்பிக்கும் ஒழுங்கைக் காண்போம். திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாள்கள் வருகின்றன. ஆயினும் நாம் நாற்பது நாள் நோன்பு என்கிறோம். காரணம், இடையில் வரும் 6 ஞாயிறுகளும் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. ஆண்டவர் உயிர்த்த நாளில் நோன்பு இல்லை என்பது திருச்சபையின் தொன்மையான மரபு. கடுந்தவத்துக்கு நடுவிலும் இளைப்பாறும் நாள் ஒன்று உண்டு. தொடக்க நூலின் முதல் அதிகாரத்திலும், கடவுள் படைத்ததோடு நில்லாமல், படைத்ததைப் பார்த்து நல்லதென்று கண்டார். ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். பார்ப்பதும் ஓய்வதும் படைப்பின் பகுதிகளே.

முப்பது நாள் முயற்சியில் இல்லாதது இந்த ஞாயிறுதான். எனவே தவக்கால முயற்சி ஒன்றைப் பின்வருமாறு அமைக்கலாம் என்பது என் கருத்து. திருநீற்றுப் புதனை அடுத்து வரும் வெள்ளி தொடங்கிப் பெரிய வெள்ளி வரை 7 வெள்ளிக்கிழமைகள் உள்ளன. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு கவிதை எழுதப்படட்டும். அடுத்து வரும் ஞாயிறு எவரும் எழுத வேண்டாம். திருப்பலிக்குப்பின் வட்டத்தினர் கூடி, ஒருவர் கவிதையை மற்றவர் உரக்க வாசித்து, தம் உள்ளத்தில் தங்கிய வரி எது என்று மட்டும் சொல்லட்டும். திருத்தமும் தீர்ப்பும் வேண்டா. முதல் 6 கவிதைகள் தவக்கால ஞாயிறுகளில் வாசிக்கப்படும். பெரிய வெள்ளியன்று எழுதிய ஏழாம் கவிதை உயிர்ப்பு ஞாயிறன்று வாசிக்கப்படும். சிலுவையின் அடியில் எழுதிய சொற்கள் காலியான கல்லறையின் ஒளியில் எவ்வாறு ஒலிக்கின்றன என்பதை எழுதியவரே அன்று கேட்டறிவார்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எழுதியவரின் இசைவின்றி எந்தக் கவிதையும் அறிவிப்புப் பலகைக்கோ அச்சுக்கோ போகலாகாது. சிலர் தம் குடும்பத்தின் காயங்களை எழுதியிருப்பர். நம்பி ஒப்படைத்ததை ஊர்ப் பேச்சாக்குவது நம்பிக்கைத் துரோகமாகும்.

பின்தங்கியோர்

எந்தப் பருவ முயற்சியிலும் இடையில் நின்றுவிடுவோர் உண்டு. அவர்களைத் தோற்றவர்கள் என்று கணக்கெழுதுவது எண்ணிக்கை மனப்பான்மையின் மற்றொரு விளைவு. திருப்பாவையில் 6 முதல் 15 வரையிலான 10 பாசுரங்கள் இன்னும் எழாத தோழியரின் வாயிலில் நின்று அவர்களை எழுப்புவனவாக உள்ளன. 30 பாசுரங்களில் மூன்றில் ஒரு பங்கு பின்தங்கியோருக்கே செலவிடப்பட்டிருக்கிறது! விழித்தவர் தனியே நீராடச் செல்வதில்லை. திராட்சைத் தோட்ட உவமையில் மாலை 5 மணிக்கு வந்தவரையும் நிலக்கிழார் ஏற்றுக்கொண்டு முழுக் கூலியும் தந்தார் (மத் 20:1–16). ஆறாம் வெள்ளியன்று ஒரே ஒரு கவிதையோடு வந்து சேர்பவருக்கும் வட்டத்தில் முழு இடம் உண்டு என்பதை அமைப்பாளர் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திருவருகைக் காலத்துக்கும் ஒரு முன்மாதிரி நம் கையில் உண்டு. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன்மொழியாக நாளுக்கு ஒன்று பாடப்படுகிறது. அவை ஏழும் மெசியாவை ஞானமே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே என்று ஒவ்வொரு பெயரால் அழைக்கின்றன. இலத்தீன் மூலத்தில் அப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் 'ஏரோ க்ராஸ்', அதாவது 'நாளை வருவேன்' என்னும் விடை கிடைக்கிறது. தனித்தனியே படிப்பவருக்கு அவ்விடை புலப்படாது. ஏழு நாளும் காத்திருந்து, ஏழையும் சேர்த்துப் படிப்பவருக்கே அது கேட்கும். நம் வட்டங்களின் கவிதைகளும் அவ்வாறு சேர்த்துப் படிக்கப்படட்டும். அதற்கான நாளை ஒதுக்கித் தருவதே அமைப்பாளரின் முதற்பணி.