ஜாஸ், புளூஸ் பெட்டித் தொகுப்புகள்: ஒரு பதிப்பு நோக்கு

நம் சங்க மலருக்கு நான் எழுதித் தருவது பெரும்பாலும் சமண இலக்கியம் பற்றிய கட்டுரைதான். இம்முறையும் சிந்தாமணியில் ஏதாவது வரும் என்று மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் என் வீட்டு இரும்புப் பீரோவில் இரண்டு தட்டுகளைப் பல வருஷமாக அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு சமாசாரத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ், புளூஸ் இசையையும், வாய்ப்பாட்டையும் அடக்கி வெளிவந்த பெட்டித் தொகுப்புகள் அவை. இங்கே பிள்ளைகள் 'பாக்ஸ் செட்' என்பார்கள்.

பாத்திரக் கடைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மும்பைக்கு வந்த புதிதில், கடை அடைத்துக் கணக்கு எழுதும் நேரத்தில் சிற்றலையில் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வரும். வில்லிஸ் கானோவர் என்பவர் 1955-இல் தொடங்கி 1996-இல் காலமாகும் வரை ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். நிறுத்தி நிறுத்திப் பேசுவார். என் ஆங்கிலம் பாதி அவரிடம் கற்றது. பிறகு சோர் பஜாரில் பழைய தட்டுகள், காலா கோடாவின் ரிதம் ஹவுஸில் குறுந்தகடுகள் என்று வளர்ந்தது (2016-இல் அந்தக் கடை மூடப்பட்டது). அவ்வளவுதான் என் கதை. விஷயத்துக்கு வருவோம்.

ஒரு பெட்டித் தொகுப்பு என்பது முதலில் ஒரு பதிப்பு. எங்கெங்கோ சிதறிக் கிடந்தவற்றைத் தேடி, சுத்தம் செய்து, வரிசைப்படுத்தி, குறிப்பு எழுதி ஒருவர் வெளியிடுகிறார். ஏட்டுச்சுவடியை அச்சேற்றியவர்களுக்கு என்னென்ன சங்கடங்கள் இருந்தனவோ அத்தனையும் இவர்களுக்கும் உண்டு. ஆகவே சுவடிப் பதிப்பை எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறோமோ அதே அளவுகோலால் இவற்றையும் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி. இசை உயர்ந்தது என்பதற்காகப் பெட்டியும் உயர்ந்தது என்று தலையாட்டுவது விமர்சனம் ஆகாது.

1920-இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி புளூஸ்' நன்றாக விற்ற பிறகுதான், கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் புரிந்தது. அவர்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தனி வரிசையே போட்டார்கள். பத்தங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம். ஒரு பாடகரின் ஆயுள் உழைப்பு இப்படி மூன்று மூன்று நிமிஷமாகச் சிதறிப்போனது. பத்து வருஷத்தில் பொருளாதார மந்தம் வந்தது. தட்டுகளும் பரணுக்குப் போயின.

அவற்றிலிருந்து முதலில் ஒரு நூல் செய்தவர் ஹாரி ஸ்மித். 1952-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்' அவருடைய தொகுப்பு. ஆறு எல்.பி., 84 பாட்டு. எல்லாம் 1927 முதல் 1932 வரை வெளிவந்த தட்டுகள். நம்மவர் இதை 'தொகை' என்றே சொல்லலாம். கதைப்பாட்டு, கூடிக் களிக்கும் இசை, தனிப்பாட்டு என்று மூன்றாக வகுத்திருக்கிறார். நம்முடைய குறுந்தொகை, நெடுந்தொகையைத் தொகுத்தவர்களும் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டவில்லை. அளவும் துறையும் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஸ்மித் இன்னொரு காரியமும் செய்தார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று தம் குறிப்பில் எங்குமே எழுதவில்லை. இனவாரியாகப் பிரித்து விற்கப்பட்ட தட்டுகளை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டார். 1952-இல் இது சாதாரண விஷயமில்லை. அந்தத் தொகுப்பில் இருந்த மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் பதிவு செய்துவிட்டு ஊரோடு போய்விட்டவர். 1963-இல் அவரை அவலான் என்ற சிற்றூரில் தேடிக் கண்டுபிடித்தார்கள், மீண்டும் மேடையேறினார். ஒரு தொகை செய்யக்கூடிய வேலை இதுதான். 1997-இல் ஸ்மித்சோனியன் இதை ஆறு குறுந்தகடாக மறுபதிப்புச் செய்தது. ஸ்மித் எழுதிய குறிப்புப் புத்தகத்தையும் அப்படியே சேர்த்துக் கொடுத்தார்கள். கதைப்பாட்டுகளின் சாரத்தைப் பத்திரிகைத் தலைப்பு மாதிரி இரண்டு வரியில் எழுதியிருப்பார் மனிதர். படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும்.

இதற்கு நேர் எதிர், 'முழுமை' என்று பெயர் சூட்டிக்கொண்டு வருபவை. ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலுமாக 29 பாட்டுகள் பதிவு செய்தார். 1938-இல் 27 வயதில் இறந்துபோனார். 1961-இல் கொலம்பியா கம்பெனி அவருடைய 16 பதிவுகளை ஒரே எல்.பி.யாக வெளியிட்டது; இங்கிலாந்தில் ஒரு தலைமுறை கிட்டார்க்காரர்கள் அதைக் கேட்டே வளர்ந்தார்கள். 1990-இல் 41 பதிவுகளோடு முழுத் தொகுப்பு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. கிராமி விருதும் வாங்கியது. ஆனால் பதிப்பு நெறிப்படி அதில் ஒரு பெருங்குறை உண்டு. ஒரே பாட்டை இரண்டு தடவை பதிவு செய்திருந்தால், மூலத்தை அடுத்து உடனே மாற்றுப் பதிவையும் வைத்துவிட்டார்கள். 'கைண்ட்ஹார்ட்டட் உமன்' கேட்டு முடித்தால் மறுபடியும் அதே 'கைண்ட்ஹார்ட்டட் உமன்'!

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அதற்காகக் கும்பகோணத்தில் எங்கள் சமணப் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டுத் தெளிந்தவர் அவர். பல ஏடுகளில் பல பாடம் இருக்கும். எது சிறந்தது என்று முடிவு செய்து மூலத்தில் வைப்பார், மற்றதைப் 'பிரதிபேதம்' என்று கீழே குறிப்பார். ஒரு செய்யுளின் கீழேயே அதன் நான்கு பாடத்தையும் முழுச் செய்யுளாக அச்சிட்டிருந்தால் யார் சிந்தாமணியைப் படிப்பார்கள்? ஆராய்ச்சிக்காரனுக்கு வேண்டியது பின்னிணைப்பு. வாசகனுக்கு வேண்டியது நூல். இரண்டையும் ஒரே இலையில் பரிமாறுவது பதிப்பாசிரியர் தம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

அதற்காக மாற்றுப் பதிவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஜான்சனுடைய 42-ஆவது பதிவாக 'டிராவலிங் ரிவர்சைட் புளூஸ்' பாட்டின் இன்னொரு பாடம் பிற்பாடு கிடைத்தது, 1998-இல் வெளிவந்தது. ஒரு புது ஏடு கிடைத்தால் நாம் எப்படி மகிழ்வோமோ அப்படித்தான் நானும் மகிழ்ந்தேன். இருக்க வேண்டிய இடம் எது என்பதுதான் கேள்வி.

மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் தொடங்கிய மொசைக் நிறுவனத்தை இந்தத் துறையின் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் என்று சொல்லத் தோன்றுகிறது. 1983-இல் தெலோனியஸ் மங்க்கின் புளூ நோட் பதிவுகளோடு ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிகளிடம் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வாங்கி, சில ஆயிரம் படிகள் மட்டும் எண் போட்டு அச்சிட்டு, கடைக்கே அனுப்பாமல் தபாலில் விற்றார்கள். கறுப்புப் பெட்டி, உள்ளே அகலமான புத்தகம். யார் வாசித்தது, எந்தத் தேதி, எந்த ஊர் என்பதில் அவர்கள் காட்டிய கவனத்துக்கு ஈடு இல்லை. லூரி 2000-இலும் கஸ்கூனா 2024-இலும் மறைந்தார்கள்.

அந்த மொசைக் 1990-இல் வெளியிட்டதுதான் டீன் பெனடெட்டியின் பதிவுகள். பெனடெட்டி ஒரு சாக்ஸபோன்காரர்; சார்லி பார்க்கர் மேல் பைத்தியம். 1947-இல் லாஸ் ஏஞ்சலஸிலும் மறு வருஷம் நியூயார்க்கிலும் பார்க்கர் வாசித்த விடுதிகளுக்குப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். பார்க்கர் வாசித்தால் கருவி ஓடும். மற்றவர் வாசிக்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுவார்! ஆக, ஏழு குறுந்தகட்டில் பார்க்கர் பார்க்கர் பார்க்கர். பாட்டின் தலையும் இல்லை, வாலும் இல்லை. எவ்வளவு முழுமையோ அவ்வளவு அரைகுறை. சாமியார் ஒருவர் திருக்குறளில் தமக்குப் பிடித்த சீரை மட்டும் எழுதி வைத்த மாதிரி. ஆனாலும் சொல்கிறேன், பீரோவிலிருந்து நான் அடிக்கடி எடுக்கும் பெட்டிகளில் அதுவும் ஒன்று. காரணம், அதைப் பதிப்பித்தவர்கள் அதை வேறெதாகவும் காட்ட முயலவில்லை. ஒரு ரசிகனின் காது இப்படி இருந்தது என்று மட்டுமே காட்டினார்கள்.

பெட்டியின் அலங்காரம் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. ஒன்று மட்டும். 1997-இல் பில் எவான்ஸின் வெர்வ் பதிவுகள் 18 குறுந்தகடாக வந்தன. இரும்புப் பெட்டி, அது துருப்பிடிக்க வேண்டும் என்றே திட்டமிட்டுச் செய்தது! எவர்சில்வர் விற்றுப் பிழைப்பவன் நான். காசு கொடுத்துத் துருவை வாங்கு என்று எந்த வாடிக்கையாளரிடமாவது நான் சொல்ல முடியுமா? மும்பை மழைக்காலத்துக்கு அந்தப் பெட்டி வெகு வேகமாகக் கலையழகு பெற்றுவிட்டது. குறுந்தகடுகளைத் தனியே பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி வைத்திருக்கிறேன்.

வாய்ப்பாட்டுக்கு வருகிறேன். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956 முதல் 1964 வரை நார்மன் கிரான்ஸின் ஏற்பாட்டில் எட்டு 'பாட்டுப் புத்தகங்கள்' பாடினார். கோல் போர்ட்டரில் ஆரம்பித்து ஜானி மெர்சர் வரை, ஒவ்வொன்றும் ஒரு பாட்டாசிரியருக்கு அல்லது இசையமைப்பாளருக்கு. கெர்ஷ்வினுக்கு மட்டும் ஐந்து எல்.பி.! 1993-இல் எல்லாம் சேர்ந்து 16 குறுந்தகடாக வந்தபோது அந்தந்த நூலை அந்தந்த நூலாகவே விட்டார்கள்; தேதிவாரியாகக் கலைக்கவில்லை. இது சரியான முறை. 78 காலத்துப் பாட்டைத் தேதிப்படி அடுக்கலாம், அதற்கு வேறு வரிசை கிடையாது. எல்.பி. காலத்தில் வரிசையே படைப்பின் ஒரு பகுதி. அதைக் கலைப்பது பத்துப்பாட்டை அகரவரிசையில் அச்சிடுவது போல.

பில்லி ஹாலிடேயின் வெர்வ் தொகுப்பு (பத்துக் குறுந்தகடு) எனக்கு வேறொரு சங்கடம் தருகிறது. 1955-இல் பியானோக்காரர் ஜிம்மி ரௌல்ஸோடு செய்த ஒத்திகையும் அதில் இருக்கிறது. பேச்சு, சிரிப்பு, கெட்ட வார்த்தை, பாட்டைத் தேடித் தேடிப் பிடிப்பது எல்லாம் கேட்கிறது. வெளியிட்டபோது அந்த அம்மா உயிரோடு இல்லை, 1959-லேயே போய்விட்டார். ஒரு மேதை பாட்டை எப்படிக் கட்டுகிறார் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது என்பார்கள், உண்மைதான். ஆனாலும் தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் எட்டிப் பார்க்கிற உணர்ச்சி எனக்குப் போகவில்லை. ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை அந்தத் தட்டைப் போடவில்லை.

பாரமவுண்ட் கம்பெனியின் கதையைச் சமணன் எவனும் லேசில் கடக்க முடியாது. விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்த ஒரு கம்பெனி, கிராமபோன் பெட்டியும் செய்து, அதற்குத் தட்டும் போட ஆரம்பித்தது. மா ரெய்னி, பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், சார்லி பாட்டன், ஸ்கிப் ஜேம்ஸ் எல்லாரும் அங்கே பதிந்தவர்கள். 1930-களின் நடுவில் கடை மூடியது. கோபம் கொண்ட வேலையாட்கள் உலோக மூல அச்சுகளை மில்வாக்கி ஆற்றில் வீசினார்கள் என்று ஒரு கதை. மூழ்கித் தேடியும் பார்த்தார்கள்; கிடைக்கவில்லை. பழைய உலோக விலைக்குப் போனவைதான் அதிகம் என்கிறார்கள். நம் நாலடியார் கதை நினைவுக்கு வருகிறதா? எண்ணாயிரம் முனிவர் எழுதி வைத்துப் போன ஏடுகளைப் பாண்டியன் வைகையில் எறியச் சொன்னான், நானூறு மட்டும் எதிர்நீச்சல் போட்டு வந்தது என்பார்கள். மில்வாக்கி ஆற்றில் ஒன்றும் எதிர்த்து வரவில்லை. பாட்டனின் பாட்டை இன்று நாம் கேட்பது யார் வீட்டிலோ தேய்ந்த தட்டிலிருந்துதான். அந்தக் கரகரப்பு ஏட்டில் செல்லரித்த இடம் மாதிரி. வில்லி பிரவுனின் ஒரு தட்டு (எண் 13099) ஒரு படிகூட இதுவரை அகப்படவில்லை. எங்களுக்கு வளையாபதி எப்படியோ, அவர்களுக்கு அது. 2001-இல் ரெவனன்ட் நிறுவனம் பாட்டனுக்கு ஏழு குறுந்தகட்டில் போட்ட தொகுப்பு, பழைய தட்டு ஆல்பம் போலவே கட்டியது, இந்த இழப்பை மறைக்காமல் காட்டுகிறது. கனம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

தட்டுகள் அழிந்ததில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 78 தட்டின் பசை அரக்கு. அரக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர்ப் பக்கத்துப் பலாச மரங்களிலிருந்து போனது. போர்க்காலத்தில் வரத்து குறையவே, 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது; பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கவும் செய்தார்கள். அரக்கு எடுப்பதில் எண்ணற்ற பூச்சிகள் சாகின்றன. இல்லறத்தார் செய்யலாகாத பதினைந்து தொழில்களில் அரக்கு வாணிகமும் ஒன்று என்று ஹேமசந்திரர் யோகசாஸ்திரத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே அரக்குத் தட்டு நான் வாங்குவதில்லை, மறுபதிப்போடு சரி. 2013-இல் டாமி ஜான்சனின் ஒரே ஒரு தட்டு 37,100 டாலருக்கு ஏலம் போனதைப் படித்தபோது அதில் எனக்கு ஏக்கம் ஒன்றும் வரவில்லை.

ஏக்கம் வந்தது வேறு கணக்கைப் படித்தபோது. பெஸ்ஸி ஸ்மித் 1923-இல் கொலம்பியாவில் பாட வந்தபோது, வெளியிடத் தகுந்த பக்கத்துக்கு 125 டாலர் பேசினார்கள். பிற்பாடு 200 வரை போனது. விற்பனையில் பங்கு என்பது கிடையவே கிடையாது. 160 பக்கம் பாடினார். அவர் பாட்டைத் தொகுத்துப் பெட்டி போடுகிறவர் அந்தக் கணக்கையும் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதாத புத்தகம் எவ்வளவு வழவழப்பான தாளில் இருந்தாலும் அரைப் பதிப்புதான்.

எங்கள் சமயத்தில் பொருளுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வது விரதம். எனக்கு எல்லை பீரோவின் இரண்டு தட்டு. புதிதாக ஒன்று வந்தால் பழசு ஒன்று வெளியே போக வேண்டும். போனது சொந்தக்காரப் பையன்களிடமோ நண்பர் வீட்டுக்கோ போயிருக்கிறது. இந்த விதியால் ஒரு லாபம்: எது போகலாம் என்று முடிவு செய்ய எல்லாவற்றையும் திரும்பக் கேட்டாக வேண்டும். என் பேரன், 'தாத்தா, இது எல்லாம் போனிலேயே வருதே' என்கிறான். வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் பியானோ வாசித்தது யார் என்று கேட்டால் போன் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

புதிதாகக் கேட்கத் தொடங்கும் குடும்பங்கள் ஹாரி ஸ்மித்தின் ஆறு குறுந்தகட்டையும், எல்லாவின் கெர்ஷ்வின் நூலையும் முதலில் வாங்கலாம். ராபர்ட் ஜான்சன் வேண்டுமென்றால் 1961 எல்.பி.யின் வரிசையில் அந்தப் பதினாறை மட்டும் கேளுங்கள். மாற்றுப் பதிவுகளுக்கு ஆறு மாதம் கழித்துப் போகலாம்.