காந்தமும் காலும்: எரிக்சன் மேசைத் தொலைபேசித் தாங்கியின் அணிநலன்

லார்ஸ் மாக்னஸ் எரிக்சன் 1876இல் ஸ்டாக்ஹோம் நகரில் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் 1892இல் வெளியிட்ட மேசைத் தொலைபேசி, தொழில்வடிவமைப்பு வரலாறுகளில் அடிக்கடி பேசப்படும் பொருளாகும். நான்கு கால்களின்மேல் நிற்கும் தாங்கி, அதன் உச்சியில் இரு கவர்களில் கிடக்கும் ரிசீவர், கால்களுக்கு நடுவே மறைப்பின்றித் தெரியும் பற்சக்கரம், பக்கவாட்டில் நீளும் சுழற்றுப்பிடி ஆகியன அதன் புலப்படும் உறுப்புகள். பெட்டிபோன்ற உறை இல்லாமையால் ஆங்கில வழக்கில் இது ‘எலும்புக்கூட்டு வகை’ எனப் பெயர்பெற்றது. அப்பெயரை அடியொற்றி, இயந்திரத்தின் உண்மையை ஒளிக்காத நேர்மையான வடிவம் என இதனைப் பாராட்டுவதுண்டு. அவ்வாறு பாராட்டுவோர்க்கு அதன் கால்களில் உள்ள பொன்னிறப் பூங்கொடிகள் இடையூறாகின்றன. அவற்றை அக்காலச் சுவையின் எச்சமென ஒதுக்கிவிடுகின்றனர். பாராட்டும் ஒதுக்கலும் ஒரே கருத்தின் இரு பக்கங்கள். இரண்டுமே இப்பொருளுக்குப் பொருந்தா என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் கால்களை நோக்குவோம். அக்காலத் தொலைபேசியில் பேச்சுக்குரிய மின்னோட்டம் அருகில் வைக்கப்பட்ட மின்கலத்திலிருந்து வந்தது. இணைப்பகத்தை அழைப்பதற்கோ கையால் சுழற்றும் மின்னாக்கி ஒன்று தேவைப்பட்டது. நிலைக்காந்தங்களின் முனைகளுக்கிடையே கம்பிச்சுருள் சுற்றிய உருளை சுழலும். பற்சக்கரங்கள் கையின் மெதுவான சுழற்சியை விரைவாக்கும். எழும் மாறுமின்னோட்டம் இணைப்பகத்தில் அழைப்பைத் தெரிவிக்கும். சுவர்த் தொலைபேசிகளில் இக்காந்தங்கள் மரப்பெட்டிக்குள் கிடந்தன. எரிக்சன் நிறுவனத்தார் செய்த புதுமை, பெட்டியை நீக்கியது மட்டுமன்று. காந்தச் சட்டங்களையே நீட்டி வெளிநோக்கி வளைத்துத் தாங்கியின் கால்களாக்கியதாகும். தாங்கியும் மின்னாக்கியும் இவ்வாறு ஒரே உறுப்பாயின.

இவ்வளைவு பயன் கருதியதா, அழகு கருதியதா? காந்தம் உருளையைத் தழுவி நின்றால் மின்னாக்கிக்குப் போதும். அதற்கப்பால் நீளும் எஃகு மின்னாக்கத்திற்கு உதவுவதில்லை. ஆயினும் பக்கவாட்டில் உள்ள பிடியை விசையுடன் சுழற்றும்போது கருவி கவிழாதிருக்க, அடி அகன்றிருத்தல் வேண்டும். ஆகவே விரிவு வேண்டப்படுவதே. ஆனால் பாதத்தை நோக்கிச் செல்லச் செல்ல அவ்விரிவு கொள்ளும் நெளிவை மேசையும் கேட்கவில்லை, மின்னாக்கியும் கேட்கவில்லை. அது அறைகலன்களின் கால்களிலிருந்து வந்த நெளிவு. பயன் எவ்விடத்தில் முடிந்து அழகு எவ்விடத்தில் தொடங்குகிறது எனக் கோடு கிழிக்க முயல்வோர் இக்காலின் நீளம் முழுதும் அளந்தாலும் அவ்விடத்தைக் காணமாட்டார்.

தமிழ் அணியிலக்கணம் இதற்கு ஏற்ற ஒரு சொல்லை வைத்திருக்கிறது. ஒரு சொற்றொடர் பிரிக்கப்படாமல் நின்றபடியே இரு பொருள் தருவதைத் தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை என வகுக்கும். எரிக்சன் தாங்கியின் கால் அத்தகையது. காந்தம் என்று கொண்டாலும் முழுமையுடையது. கால் என்று கொண்டாலும் முழுமையுடையது. இதனை வெறும் உவமையாக நான் கூறவில்லை. சிலேடையில் ஒரு பொருள் மற்றொன்றின்மேல் பூசப்பட்ட மேற்பூச்சன்று. இரண்டும் ஒரே வடிவத்தை ஒருங்கே உடைமையாகக் கொள்கின்றன. இக்காலிலும் அவ்வாறே.

இனிப் பொற்கொடிகள். எஃகின்மேல் கருநிறப் பூச்சும், அதன்மேல் ஒட்டுப்படமாகப் பதிக்கப்பட்ட பொன்னிறச் சுருள்களும் அக்காலத் தொழிற்சாலைப் பொருள்களின் பொது உடைமை. சிங்கர் தையல் இயந்திரத்தின் கரிய உடலில் மின்னும் பொன் வேலைப்பாட்டை நம் வீடுகளில் இன்றும் காணலாம். வார்ப்பிரும்பும் எஃகும் வரவேற்பறைக்குள் நுழைய அணிந்த உடை அது. அடால்ஃப் லோஸ் 1910இல் வியன்னாவில் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையில் ஒப்பனையைக் குற்றத்தோடு இணைத்துப் பேசினார். ஒப்பனைக்குச் செலவாகும் உழைப்பு வீண் என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. ஒட்டுப்படத்திற்கு அவ்வாதம் முழுதும் பொருந்தாது. அதில் கைவினைஞரின் நெடிய உழைப்பு இல்லை. அச்சின் மலிவே உள்ளது. குறைகூற வேண்டுமாயின் அம்மலிவையே கூறவேண்டும்: அதே கொடி எந்த இயந்திரத்தின்மேலும் படரும்.

எனினும் இக்கருவியில் அக்கொடி ஒரு வேலையைச் செய்கிறது. காந்த எஃகைக் கருநிறமும் பொன்னும் மூடியபின், அது காந்தம் என்று பார்ப்பவர்க்குத் தோன்றுவதில்லை. மேசைக்கலத்தின் காலாகவே தோன்றுகிறது. மக்கள் இட்ட பெயர்களே இதற்குச் சான்று. சுவீடனில் இதனைக் குட்டைக்கால் வேட்டைநாயின் பெயரால் ‘தக்ஸன்’ என்றனர். பிறர் 1889இல் எழுந்த பாரிசுக் கோபுரத்தை நினைந்து ‘ஈஃபல் கோபுரம்’ என்றனர். இரு பெயரும் காலைக் கண்டு இட்டவை; காந்தத்தைக் கண்டு இட்டவை அல்ல. அப்படியாயின் ‘எலும்புக்கூடு’ என்னும் பெயர் பாதியே உண்மை. பற்சக்கரம் வெளிப்படையாக நிற்கிறது. காந்தமோ வெளியில் நின்றபடியே மறைந்திருக்கிறது. சிலேடையின் இரண்டாம் பொருளைக் காப்பது அந்தப் பொற்கொடிதான். அதனைச் சுரண்டிவிட்டால் நேர்மையான வடிவம் கிடைக்கும் என்பது பிற்கால நோக்கரின் விருப்பம்.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1939இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், அலங்காரம் என்னும் வடசொல் ‘போதுமானதாக ஆக்குதல்’ என்னும் பொருளில் தோன்றியதென்றும், அணி என்பது தொடக்கத்தில் ஒரு பொருளை அதன் செயலுக்கு ஆயத்தமாக்கும் கருவியே என்றும் வாதிட்டார். ‘அணியம்’ என்னும் தமிழ்ச்சொல் ஆயத்தநிலையைக் குறிப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தாங்கியின் காலுக்கு அவர் கொள்கை நன்கு பொருந்துகிறது. ஒட்டுப்படத்தை அவர் ஏற்றிருக்கமாட்டார் எனலாம். குறியீட்டுப் பொருள் இழந்த பூவேலையை அவர் வீழ்ச்சியாகவே கண்டவர். இவ்விடத்தில் அவரோடு உடன்பட இயலவில்லை. கொடி எதையும் குறியாவிடினும், எஃகை அறைக்கு ஏற்றதாக்குவதும் ஆயத்தமாக்கலே. தமிழ்க் கலைத்திறனாய்வில் அணி, அலங்காரம், ஒப்பனை, பூவேலை ஆகியன ஒரே பொருளில் கலந்து வழங்குவதும், ‘வெறும் அலங்காரம்’ என்பது பழிச்சொல்லாகிவிட்டதும் இத்தகைய வேறுபாடுகளைச் சொல்லவொட்டாமல் தடுக்கின்றன.

மின்னோட்டம் முழுவதையும் இணைப்பகமே வழங்கும் முறை பரவியதும் கைச்சுழல் மின்னாக்கி தேவையற்றதாயிற்று. காந்தக் காலின் காரணமும் அதனோடு போயிற்று. 1930களின் தொடக்கத்தில் நார்வே ஓவியர் ழான் ஹைபர்க் எரிக்சனுக்காக வடிவமைத்த பேக்கலைட் தொலைபேசியில் கால்களே இல்லை. அச்சில் வார்த்த ஒரே உடல், உள்ளிருப்பதை முற்றிலும் மூடிவிட்டது. இன்று பழம்பாணியில் விற்கப்படும் பித்தளைத் தொலைபேசிகள் பலவற்றில் அதே நெளிந்த கால்களை மீண்டும் காண்கிறோம். அருகில் ஓர் ஊசியைக் கொண்டுசென்றால் அவை அதனை ஈர்ப்பதில்லை. வடிவில் சிறு மாற்றமும் இன்றிச் சிலேடை ஒருபொருட் சொல்லாகச் சுருங்கியிருக்கிறது. இக்கால்களுக்கு ஒப்பனை என்னும் சொல்லே போதும்.