மடியில் கனமில்லை, வழியில் பயம் இல்லையா?

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. மடிக்கணினிகளில் இன்று கனமே இல்லாத ஓர் இனம் கடைக்கு வந்திருக்கிறது. எடை ஒன்றேகால் கிலோ அளவில்; விலையும் குறைவு. பெரிய மென்பொருள்கள் எதுவும் அதில் இல்லை. இணைய உலாவி ஒன்றே அதன் உயிர். குரோம்புக் என்பது இவ்வினத்தில் புகழ்பெற்ற பெயர். கனம் குறைந்தது உண்மை. ஆனால் பயமும் குறைந்ததா? திருவிடைமருதூர் வட்டாரத்து உழவர் குடும்பம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம், வாருங்கள்.

வீட்டுக்கு என்ன வேலை?

அந்த வீட்டில் மூன்று ஏக்கர் நெல் சாகுபடி. பத்தாம் வகுப்பில் ஒரு பெண். கணிப்பொறியால் அவர்களுக்கு ஆக வேண்டியவை யாவை? பட்டா, சிட்டா நகல் எடுக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலையும் வங்கிப் புத்தகத்தையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஆடுதுறை நெல் ரகங்களைப் பற்றி வேளாண் பல்கலைக்கழகம் வெளியிடும் குறிப்புகளைப் படிக்க வேண்டும். பெண்ணுக்கு மணற்கேணிப் பாடங்கள், தேர்வு முடிவு, விண்ணப்பம். எப்போதாவது ஒரு ரயில் முன்பதிவு. இவற்றில் எதற்கும் உலாவியைத் தவிர வேறு மென்பொருள் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய கணிப்பொறியை வாங்கி இவ்வேலைகளைச் செய்வது, கீரை வாங்க லாரி பிடிப்பது போலத்தான்!

இயங்கும் விதம்

சாதாரணக் கணிப்பொறியில் மென்பொருளும் நம் ஆவணங்களும் உள்ளேயே குடியிருக்கின்றன. உலாவிக் கணினியில் அவை பெரும்பாலும் தொலைவிலுள்ள பெருங்கணினிகளில் இருக்கின்றன. நம் முன் இருப்பது திரையும் விசைப்பலகையும் ஒரு சிறு நினைவகமுமே. இது புதிய எண்ணமன்று. 1990களின் நடுவில் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் ‘வலைக் கணினி’ என்று இதையே முழங்கினார். அன்றைய தொலைபேசிக் கம்பியின் வேகம் போதாமல் அம்முயற்சி படுத்துவிட்டது. 2009 ஜூலையில் கூகுள் குரோம் இயங்குதளத்தை அறிவித்தது. 2011 ஜூனில் ஏசர், சாம்சங் நிறுவனங்களின் முதல் குரோம்புக்குகள் விற்பனைக்கு வந்தன. 2023 அக்டோபர் முதல் எச்.பி. நிறுவனத்தின் குரோம்புக்குகள் சென்னைக்கு அருகிலுள்ள ஃபிளெக்ஸ் ஆலையிலேயே உருவாயின.

நிறைகளை மறைக்கலாகாது. பொத்தானை அழுத்திய சில நொடிகளில் இது விழித்துக்கொள்கிறது. விழிக்கும்போதே தன் இயங்குதளத்தில் எவரேனும் கைவைத்திருக்கிறார்களா என்று கையொப்பம் ஒப்பிட்டுச் சோதிக்கிறது. இயங்குதளத்தின் இரு படிகள் உள்ளே உண்டு. ஒன்று பணியாற்றும்போது மற்றது புதுப்பிக்கப்படுகிறது. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கிறது. ஒவ்வொரு வலைப்பக்கமும் தனித்தனி அறையில் அடைக்கப்படுவதால் வைரஸ் பரவுவது கடினம். தமிழ்99 முறையிலும் ஒலிபெயர்ப்பு முறையிலும் தமிழ் அடிக்கலாம். 4 ஜிகாபைட் நினைவகமே மேற்சொன்ன வீட்டுக்குப் போதும்.

கனம் போன இடம்

இனிக் குறைகளுக்கு வருவோம். கனம் மறைந்துவிடவில்லை; இடம் மாறியிருக்கிறது. எங்கே போயிற்று என்று அறிந்தவரே இதை வாங்கலாம்.

டெல்டாக்காரருக்கு இது எளிதில் விளங்கும். உலாவிக் கணினி ஆற்றுப் பாசனம் போன்றது. சாதாரணக் கணிப்பொறி சொந்தப் பம்புசெட் போன்றது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை ஆற்றுப் பாசனத்தைப் போல மலிவானது வேறில்லை. வராத ஆண்டில் கடைமடைக்காரர் படும் பாடு நமக்குத் தெரியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியான பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன. கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கான கெடு பெரும்பாலும் முடிவதும் நவம்பரில். புயல் பருவமும் அதே நவம்பர். காகிதம் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் வலை அறுபடும்! அப்போது பட்டா நகல் தொலைதூரப் பெருங்கணினியில் பத்திரமாக இருந்து யாருக்கு என்ன பயன்?

இணைப்பில்லாமலும் ஆவணங்களைத் திறக்கும் வசதி உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அவ்வசதியை இணைப்பு இருக்கும்போதே இயக்கி வைத்திருக்க வேண்டும். மழைக்கு முன்பே கூரை வேய்வதைப் போன்றது அது.

இரண்டாவது குறை, சேமிப்புக் கிடங்கு நம்முடையதல்ல என்பது. கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிகாபைட். புகைப்படங்களால் அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும். இரண்டு ஆண்டுகள் தொடாத தனியார் கணக்கை அழித்துவிடலாம் என்ற விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தந்தை பெயரில் கணக்கு தொடங்கி, நிலப் பத்திரத்தைப் படமெடுத்து அதில் போட்டுவிட்டு, மறந்துபோகும் குடும்பங்கள் இதை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆயுள். ஒவ்வொரு குரோம்புக் மாதிரிக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நிற்கும் நாள் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. 2021 முதல் வந்த மாதிரிகளுக்கு அது பத்து ஆண்டுகள். பத்து ஆண்டு என்பது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. அம்மாதிரி முதலில் சந்தைக்கு வந்த காலத்திலிருந்து எண்ணப்படுகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கில் பாதி ஆயுள் கடையிலேயே கழிந்திருக்கலாம்.

நான்காவது குறை தமிழருக்கே உரியது. 2010ல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன், வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட கோப்புகள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் ஏராளம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் குறிகளாகவே தோன்றும். சாதாரணக் கணிப்பொறியில் எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். குரோம்புக்கில் அது எளிதன்று. டிஜிட்டல் கையொப்பச் சாவி, கைரேகைக் கருவி, டேலி கணக்கு மென்பொருள் ஆகியவையும் பெரும்பாலும் விண்டோசை நம்பியே வாழ்கின்றன. ஆகவே இ-சேவை மையம் நடத்துபவருக்கும், கும்பகோணத்துக் கடைகளுக்குக் கணக்கெழுதுபவருக்கும், திருபுவனம் பட்டுக்குக் கரை வடிவங்களைக் கணினியில் வரைபவருக்கும் இது ஏற்றதன்று.

பழையதைப் புதுப்பிக்கலாமா?

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுள் பல இன்று பரணில் தூங்குகின்றன. 2022ல் வெளிவந்த குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பழைய கணினியை உலாவிக் கணினியாக்கும். அதற்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். தொடக்க ஆண்டுக் கணினிகள் பலவற்றில் இருப்பது 2 ஜிகாபைட்டே. அவற்றுக்கு எடை குறைந்த லினக்ஸ் வகைகளே பொருந்தும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், புதிதாக வாங்குமுன் பரணை ஒருமுறை பார்ப்பது நலம்.

முடிவு என்ன?

நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு உலாவிக் கணினி தக்கதே. ஆனால் வாங்குமுன் புதுப்பிப்பு நிற்கும் நாளைக் கேட்டறியுங்கள். கடைக்காரர் விழித்தால் மாதிரியின் பெயரைக் கொண்டு கூகுளின் பட்டியலில் நீங்களே பார்த்துவிடுங்கள். வாங்கியபின் பட்டா, காப்பீட்டு ரசீது, மதிப்பெண் சான்று ஆகியவற்றின் படிகளைக் கணினியின் உள்நினைவகத்தில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வையுங்கள். அச்செடுத்த படி ஒன்று பெட்டியிலும் இருக்கட்டும். கடவுச்சொல்லை வீட்டில் இருவர் அறிந்திருக்கட்டும். ஐப்பசி பிறக்குமுன் இவற்றை முடித்துவிடுங்கள்.

ஆற்று நீரை நம்பி நாற்றுவிடும் உழவரும் ஓரத்தில் ஒரு பம்புசெட் வைத்திருப்பார். பென்டிரைவும் காகிதமும் இந்தக் கணினிக்குப் பம்புசெட் மாதிரி. அவை இருந்தால் மடியிலும் கனமில்லை, வழியிலும் பயமில்லை.