யார்டு ஏறுது சரி, முதுகு என்னாச்சு?

43 வயசில் கோல்ஃப் ஆரம்பித்தேன். ஆபீஸில் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஞ்சுக்குப் போவார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். நாலாவது மாசம் ஒரு நாள் ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. பத்து நாள் படுக்கை. "நடக்கிறதுதானே அந்த விளையாட்டு, அதுல எப்படி முதுகு போகும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. படுத்த படியே கோல்ஃபுக்கான உடற்பயிற்சி பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் டாக்டர் இல்லை. ஒரு எண்ணைப் பார்த்தால் "இதை எப்படி அளந்தீங்க?" என்று கேட்கும் சாஃப்ட்வேர் புத்தி மட்டும் உண்டு. அந்தப் புத்தியோடு எழுதும் குறிப்பு இது.

இந்த விஷயத்தில் எதை எடுத்தாலும் முதல் பாராவிலேயே ஒரு ஜோடி வாக்குறுதி இருக்கும்: பந்தும் தூரம் போகும், காயமும் வராது. அந்த இரண்டு "உம்"கள் மேலதான் என் புகார். முதலாவதை அளக்க ஒரு கருவி போதும், அரை மணியில் எண் வந்துவிடும். இரண்டாவதை அளக்க நூற்றுக்கணக்கான பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, எத்தனை நாள் வலியால் விளையாடவில்லை என்று எண்ண வேண்டும். அதனால் என்ன நடக்கிறது? முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் தொழிலில் இது பழகின கதைதான். டெமோவில் ஆப் வேகமாக ஓடினால், புரொடக்ஷனில் விழாது என்று நம்புகிற மேனேஜர் எல்லா ஆபீஸிலும் உண்டு.

உதாரணத்துக்கு, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு. ஆண்ட்ரியா ஃப்ராட்கினும் சகாக்களும் 2004-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வெளியிட்டது. கோல்ஃபுக்கென்றே அமைத்த வார்ம்-அப் பயிற்சியைச் செய்தவர்களுக்கு ஏழாவது வாரத்தில் கிளப் ஹெட் வேகம் சராசரியாக 24 சதவீதம் கூடியது என்கிறார்கள். எத்தனை பேர்? மொத்தம் 20 ஆண்கள், பாதிப் பேர்தான் பயிற்சி செய்தவர்கள்.

24 சதவீதம் என்பதை எதோடு ஒப்பிடுவது? பிரைசன் டிஷாம்போவை எடுத்துக்கொள்ளலாம். 2019 கடைசியில் ஆரம்பித்து 2020 நடுவுக்குள் கிட்டத்தட்ட 18 கிலோ ஏற்றினார். எடை தூக்குவது, புரோட்டீன் ஷேக், வலைக்குள் முழு வேகத்தில் அடித்துப் பழகுவது என்று அதையே முழுநேர வேலையாகச் செய்தார். அவருடைய சராசரி டிரைவ் தூரம் 302 யார்டிலிருந்து 322 யார்டானது. ஏழு சதவீதத்துக்கும் கீழே! அதற்கே கோல்ஃப் உலகம் ஆடிப்போனது. அந்த செப்டம்பரில் விங்க்டு ஃபுட்டில் நடந்த யு.எஸ். ஓப்பனை ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். மொத்தக் கணக்கில் பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவர்தான்.

தூரமும் வேகமும் ஒன்றல்ல, உச்சத்தில் இருப்பவரும் வாராந்திர ஆட்டக்காரரும் ஒன்றல்ல. தெரியும். கீழேயிருந்து ஆரம்பிப்பவருக்கு ஏற்றம் அதிகம்தான். ஆனாலும் வார்ம்-அப்புக்கு மட்டும் 24 என்றால், எனக்கு உடனே தோன்றுவது "இன்னொரு தடவை பெரிய குரூப்பில் ஓட்டிப் பாருங்க" என்பதுதான். வார்ம்-அப் வீண் என்று சொல்லவில்லை, நானே செய்கிறேன். அந்த ஆய்வு அளந்தது வேகத்தை, காயத்தை அல்ல. அதைக் காட்டி "காயம் வராது" என்று எழுதுகிறவர்கள் பேப்பரின் தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. தூரம் தருகிற அதே விஷயம்தான் முதுகில் சுமையையும் ஏற்றுகிறது. 1990-ல் ஹோசியாவும் கேட்டும் சேர்ந்து செய்த கணக்கீட்டின்படி, ஒரு ஸ்விங்கில் கீழ்முதுகு உடல் எடையைப் போல சுமார் எட்டு மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிறது. 70 கிலோ ஆளுக்கு 560 கிலோ. நேராக முதுகுக்குள் சென்சார் வைத்து அளந்ததல்ல, மாடல் போட்டு எடுத்த மதிப்பு. பங்கேற்றவர்களும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனால் அதில் ஒரு விவரம் என்னைப் போன்றவர்களுக்கானது: அமெச்சூர்கள் பந்தைக் குறைந்த தூரம் அடித்தாலும், முறுக்கும் விசையும் பக்கவாட்டில் தள்ளும் விசையும் அவர்களுக்குத்தான் அதிகம்.

1992-ல் ஜிம் மெக்லீன் "எக்ஸ் ஃபேக்டர்" என்று ஒன்றைப் பிரபலப்படுத்தினார். தோளை நிறையத் திருப்பு, இடுப்பைக் குறைவாகத் திருப்பு, நடுவில் உள்ள வித்தியாசம் கூடக்கூடத் தூரம் கூடும். ரப்பரை முறுக்கி விடுவது போல. நல்ல யோசனை, வேலையும் செய்கிறது. ஆனால் கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கம் திரும்புவது 10, 15 டிகிரிதான். அது திரும்புவதற்கான மூட்டே இல்லை. திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டும் மேல்முதுகும். தினமும் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப்போன ஒருத்தனிடம் "இடுப்பை ஆட்டாம தோளை மட்டும் திருப்புங்க சார்" என்று சொன்னால் அந்த முறுக்கு எங்கே போகும்? எனக்கு எங்கே போனது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

நான் படித்ததில் காயத்தையே நேராகப் பார்த்த வேலை, வாட் என்பவரும் சகாக்களும் 2004-ல் செய்தது. 42 தொழில்முறை ஆட்டக்காரர்கள். மூன்றில் ஒருவருக்கு முந்தைய ஒரு வருஷத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் கீழ்முதுகு வலி இருந்திருக்கிறது. வலி இருந்தவர்களுக்கு முன்கால் பக்க இடுப்பு மூட்டு (வலக்கைக்காரருக்கு இடது) உள்பக்கமாகத் திரும்புவது குறைவாக இருந்தது. மேலே சொன்ன லாஜிக்கோடு அழகாகப் பொருந்துகிறது. அதனாலேயே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இடுப்பு இறுகியதால் முதுகு வலித்ததா, வலித்ததால் இடுப்பைத் திருப்பாமல் விட்டு அது இறுகியதா? ஒரு தடவை மட்டும் அளந்தால் இது தெரியாது.

நட்சத்திரங்களை வைத்து வாதிடுவதும் உதவாது. உடற்பயிற்சிக்கு சாட்சியாக கேரி பிளேயரைக் காட்டுவார்கள். எடை தூக்கினால் ஆட்டம் கெடும் என்று நம்பிய காலத்தில் தூக்கி, ஒன்பது மேஜர் ஜெயித்தவர். எதிர்சாட்சியாக டைகர் உட்ஸ். 2014-லிருந்து 2017-க்குள் முதுகில் நாலு ஆபரேஷன். ஆனால் அவரே பின்னாளில் வருத்தப்பட்டது ஜிம்மைப் பற்றி அல்ல, ஆரம்ப வருஷங்களில் வாரம் 30 மைல் ஓடியதைப் பற்றி. டிஷாம்போவுக்கு 2022-ல் இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு ஆபரேஷன் நடந்தபோது எல்லோரும் வேகப் பயிற்சியைக் கைகாட்டினார்கள். டேபிள் டென்னிஸ் ஆடும்போது பளிங்குத் தரையில் வழுக்கி விழுந்ததையும் அவர் சொன்னார். எதை எதில் சேர்ப்பது? பிறகு எடையைக் குறைத்துக்கொண்டு 2024-ல் பைன்ஹர்ஸ்டில் மறுபடி யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார்.

இப்போது நான் செய்வது: பத்து நிமிஷம் வார்ம்-அப், தினமும் இடுப்புக்கான பயிற்சி, பின்னால் திருப்பும்போது இடது குதிகாலைத் தூக்கிவிடுவது (நிக்லஸ் அப்படித்தான் ஆடினார், கோச்சுக்குத்தான் பிடிக்கவில்லை). 15 யார்டு போச்சு. ஒரு ஷீட்டில் யார்டை எழுதும் காலத்தை எடுத்துவிட்டு, காலையில் லேஸ் கட்டும்போது வலித்ததா என்று மட்டும் குறிக்கிறேன். பதினாலு மாசமாக "இல்லை" என்றே வருகிறது. கண்ட்ரோல் குரூப் எங்கே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஃப்ராட்கினிடமாவது பத்துப் பேர் இருந்தார்கள்.