கோடும் பெயரும்: மா. கிருஷ்ணனின் பறவை ஓவியங்கள்

சொல் ஒரு பறவையை இன்னதெனத் தீர்மானிக்காமலே சுட்டிவிடக்கூடும். கோட்டிற்கு அவ்வுரிமை இல்லை. 'அன்றில்' என்று எழுதும் கவிஞர் அது எப்பறவை என முடிவு செய்ய வேண்டியதில்லை. அன்றிலை வரைய அமரும் ஓவியரோ அலகின் வளைவு, காலின் நீளம், வாலின் அளவு ஆகியவற்றை முடிவு செய்த பின்னரே பேனாவைத் தாளில் வைக்க இயலும். அதனை அரிவாள்மூக்கன் இனத்தது என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அகராதிகளில் 'ஒருவகைப் பறவை' என்ற அளவில் நின்றுவிடும் பதிவுகள் பல இருப்பதற்குச் சொல்லுக்குரிய இந்தச் சலுகையே காரணம் எனலாம். பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' போன்ற நூல்கள் இச்சலுகையைக் கேள்விக்கு உட்படுத்தின. அதே கேள்வியை வேறொரு கருவியால், திறனாய்வாளர் அதிகம் பொருட்படுத்தாத வகையில், எழுப்பியவர் மா. கிருஷ்ணன் (1912–1996).

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஃபைசனிடம் தாவரவியல் பயின்றவர். ஃபைசனின் நீலகிரி, பழனி மலைத் தாவர நூலுக்குப் படங்கள் வரைந்தவர் அவர்தம் துணைவியார். அவரிடமிருந்தே கிருஷ்ணன் நீர்வண்ண முறையைக் கற்றார் என்பர். 1942 முதல் இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்த சந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். 1950இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய 'கன்ட்ரி நோட்புக்' பத்தியை இறக்கும்வரை, 46 ஆண்டுகள், எழுதினார். அப்பத்தியின் பல கட்டுரைகளுக்கு அவரே படமும் வரைந்தார். எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரே என்பது வாழ்க்கைக் குறிப்பில் வைத்துக் கடந்து செல்லத்தக்க செய்தியன்று. அவருடைய உரைநடையை மொழிபெயர்ப்போருக்கு அது நேரடியான சிக்கலாகிறது.

அச்சுத்தொழிலின் நிலையை முதலில் கருத வேண்டும். அக்காலச் செய்தித்தாளில் புகைப்படம் புள்ளிகளாகப் பிரிக்கப்பட்ட அச்சுக்கட்டையாக மாறி, சொரசொரப்பான தாளில் மை கசிந்து மங்கிவிடும். கறுப்பு மைக்கோட்டுப் படமோ சிதையாமல் பதியும். கிருஷ்ணன் தேர்ந்த புகைப்படக்காரர். ஆயினும் பறவைக் கட்டுரைகளுக்குக் கோட்டை நாடியதற்கு அச்சின் வசதி மட்டுமே காரணம் என்று கொள்வது குறையுடைய விளக்கமாகும். புகைப்படம் ஒரு பறவையின் ஒரு நொடி. கோட்டுப்படமோ பலமுறை கண்டவற்றுள் எது நிற்க வேண்டும், எது விலக வேண்டும் என்னும் தேர்வு. இலக்கண ஆசிரியன் பல வழக்குகளிலிருந்து ஒரு விதியைப் பிரித்தெடுப்பதோடு இதனை ஒப்பிடலாம். விதியைப் போலவே படத்திலும் விடுபட்டவை உண்டு.

பெயர்களின் நிலை இதனினும் சிக்கலானது. பனங்காடை காடை அன்று. தமிழ் அறியாத மொழிபெயர்ப்பாளர் அகராதியின் துணைகொண்டு அதனைப் பனைமரத்துக் காடை என்று பெயர்த்தால் வாசகர் கண்முன் தரையில் ஓடும் ஒரு சிறு பறவை தோன்றும். உண்மையில் அது பட்டுப்போன பனையின் பொந்தில் கூடு வைப்பது; கம்பத்தின்மீதும் மின்கம்பியின்மீதும் காத்திருந்து பூச்சி பிடிப்பது. கர்நாடகம் அதனையே தன் மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளது. அங்கு வழங்கும் பெயர் நீலகண்டம். அப்பெயரும் பொருந்தவில்லை. அதன் கழுத்தில் இருப்பது பழுப்பும் ஊதாவும் கலந்த நிறமே. நீலம் சிறகிலும் வாலிலும் உச்சந்தலையிலும் உள்ளது. செம்போத்தை ஆங்கிலேயர் காக்கையும் ஃபெசன்ட் என்னும் கோழியினமும் கலந்த ஒரு பெயரால் அழைத்தனர். அது இரண்டுமன்று, குயிலின் குடும்பத்தது. மூன்று மொழிகளும் தத்தம் வழியில் பிழை செய்திருக்கும் இடத்தில், 'சரியான இணைச்சொல்' என்று மொழிபெயர்ப்பாளர் தேடுவது எதனை? அலகு, கால், அமரும் நிலை ஆகியவற்றைக் காட்டும் ஒரு சிறு படம் அருகில் இருந்தால் பெயரின் பிழை தீங்கற்றதாகிறது. 1992இல் வெளிவந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' படங்களையும் சேர்த்துக்கொண்டது இவ்வகையில் கருதத்தக்கது.

எனினும் கோட்டினை அளவு மீறிப் போற்றுதல் தகாது. கறுப்பு மைக்கு எட்டாதவை பல. பனங்காடை சிறகை மடக்கி அமர்ந்திருக்கையில் மங்கலான, கூனிய பறவை. எழுந்து பறக்கும் அக்கணத்தில்தான் இருநீலம் விரிகிறது. எந்த மைக்கோடும் இம்மாற்றத்தைத் தரவியலாது. செம்போத்தின் நடையைக் கோடு காட்டும். புதருக்குள்ளிருந்து எழும் அதன் ஆழ்ந்த குரலைக் காட்டாது. எழுத்தும் படமும் ஒருவர் கையிலிருந்தே பிறக்கையில் நிறம், குரல், பருவம், பொழுது ஆகியவற்றை உரைநடையும், வடிவத்தையும் நிலையையும் கோடும் ஏற்றுக்கொள்வது இயல்பு. உரைநடை வடிவம் பற்றி மௌனம் காக்கும் இடங்களைக் கவனக்குறைவு எனக் கருதி, அடைமொழிகளால் நிரப்பும் மொழிபெயர்ப்பு மூலத்தின் சமநிலையைக் குலைக்கிறது. படங்களை நீக்கிவிட்டு உரையை மட்டும் வெளியிடும் பதிப்பு எதிர்த்திசையில் அதே தவற்றைச் செய்கிறது: பாதி வாக்கியத்தை அச்சிட்டுவிட்டு முழுமை என்கிறது.

கிருஷ்ணன் தமிழிலும் எழுதியவர் என்பது இவ்விடத்தில் பயன்தரும் சான்று. 'மழைக்காலமும் குயிலோசையும்' (தொகுப்பு: சு. தியடோர் பாஸ்கரன்), 'பறவைகளும் வேடந்தாங்கலும்' (தொகுப்பு: பெருமாள்முருகன்) ஆகிய நூல்கள் அவ்வெழுத்தைத் தருகின்றன. அவருடைய ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்குவோர் பறவைப் பெயருக்குப் புதுச்சொல் ஆக்கும் முன் இத்தொகுப்புகளில் அவரே எச்சொல்லை ஆண்டார் என்று நோக்குவது முறை. நாட்டு வழக்கில் கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவால் குருவி என ஒரே பறவைக்கு வழங்கும் பெயர்களுள் எதைக் கொள்வது என்பது வட்டாரத்தைப் பொறுத்தது. அங்கும் ஆசிரியரின் வழக்கே முதற்சான்றாகும்.

அவர் தம் பார்வையைக் காட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை; 1961இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பில் காட்டோடு கொல்லைப்புறமும் இடம்பெறுகிறது. பெங்களூரின் அடுகோடி போன்ற நெருக்கமான பகுதியிலும் கரும்பருந்து வட்டமிடுகிறது. மைனா கூரையோரத்தில் நடக்கிறது. நாள்தோறும் காணும் இத்தகைய பறவையை வரைவதே கடினம். அறியாத பறவையின் படத்தை வாசகர் நம்பிவிடுவார். காக்கையின் படத்திலோ கழுத்து ஒரு நூலிழை தடித்தாலும் பிழை என்று சிறுவரும் சொல்லிவிடுவர்.